நாலாம் நம்பர் பில்லை

கடலுக்குப் போகிறவர்கள் கடலில் நனைந்து வருவார்கள். நாங்கள் ஸ்வெட்டர் கட்டிக்கொண்டு போய் வியர்வையில் நனைந்து வந்தோம். அதுவும் ஒரு கடற்கரையா, இரண்டு கடற்கரையா? மெரினா, பெசன்ட் நகர், கோவளம் என்று மூன்று. மூன்றிலும் என் தலையில் ஒரு சொட்டு உப்புத்தண்ணீர் படவில்லை. அம்மா பெங்களூரில் தேய்த்துவிட்ட தேங்காயெண்ணெய் அப்படியே பெங்களூருக்குத் திரும்பி வந்தது. இத்தனை வருஷம் கழித்து இதைச் சொல்லும்போதும் எனக்குக் கடுப்பு குறையவில்லை.

தொண்ணூறுகளில் நடந்தது. அப்போது எனக்குப் பத்து வயது. விவேக் நகரில் மாதா கோயிலுக்குப் பின்னால் ஆறு வீடுகள் உள்ள ஒரு காம்பவுண்டில் குடியிருந்தோம். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா என் வகுப்புதான். வருஷா வருஷம் அவர்கள் வேளாங்கண்ணிக்குப் போவார்கள். போய்விட்டு வந்து பதினைந்து நாளைக்கு அவள் வாய் ஓயாது. மூன்று முறை முழுக வேண்டுமாம், மூக்கில் உப்பு ஏறுமாம், தலையைத் தூக்கினால் காதுக்குள் கொய்ங் என்று ஒரு சத்தம் கேட்குமாம். அது எப்படி இருக்கும் என்று நான் கேட்டபோது அவள் பின்னலைத் தூக்கிப் பின்னால் போட்டுக்கொண்டு, “முழுகாதவங்களுக்கு சொன்னா புரியாது” என்றாள். அந்த ஒரு வார்த்தை என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. நானும் முழுகிவிட்டு வந்து இவள் மூஞ்சியில் கரியைப் பூசவேண்டும். அந்த வருஷம் எனக்கு வேறு லட்சியம் எதுவும் இல்லை.

அப்பாவை நச்சரித்தே வழிக்குக் கொண்டுவந்தேன். அவர் ஒரு ஒர்க்‌ஷாப்பில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். கோடை லீவில் நான்கு நாள் கேட்டு வாங்கினார். தங்குவதற்குப் பெரம்பூரில் அம்மாவின் சித்தி வீடு இருந்தது. எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்பா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் நானும் ஸ்டெல்லாவைப் போல ஒரு பெரிய மனுஷியாகியிருப்பேன். அவர் போய்ப் பெரியப்பாவிடம் சொல்லிவிட்டார்.

பெரியப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் குடும்பம் கோலார் தங்கவயல் குடும்பம். அப்பா சின்ன வயதிலேயே வேலை தேடி பெங்களூர் வந்துவிட்டார். அவருடைய அண்ணன் மட்டும் சுரங்கத்திலேயே இருந்தார். குழிவாயில் டோக்கன் ஆபீசில் உட்காருவதுதான் அவர் வேலை. லிப்ட் மாதிரிக் கூண்டில் ஏறிக் குழிக்குள் இறங்கும் ஒவ்வொரு ஆளும் தன் நம்பர் போட்ட பித்தளைப் பில்லையைக் கழற்றி அவரிடம் கொடுக்க வேண்டும். அவர் அதைப் பலகையில் அந்த நம்பர் ஆணியில் மாட்டுவார். ஷிப்ட் முடிந்து மேலே வந்ததும் அவனவன் தன் பில்லையைத் திரும்ப வாங்கிக்கொண்டு போவான். பலகையில் ஒரு பில்லை மிச்சம் இருந்தால் ஒரு ஆள் இன்னும் பூமிக்குள் இருக்கிறான் என்று கணக்கு.

அந்த வேலையை ரிட்டையர் ஆவதற்கு வெகுகாலம் முன்பே விட்டுவிட்டு, பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனி கேட்டில் வாட்ச்மேனாக வந்து உட்கார்ந்தார். ஏன் விட்டார் என்று யாரும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. எனக்குத் தெரிந்த பெரியப்பா தலை எண்ணுகிற பெரியப்பா. கல்யாணத்துக்குப் போனால் பந்திக்கு முன்னால் ஒரு தடவை எண்ணுவார், பந்திக்குப் பின்னால் ஒரு தடவை எண்ணுவார். சினிமாவில் இடைவேளைக்கு எழுந்து போனவர்கள் திரும்பி வரும்வரை திரையைப் பார்க்கவே மாட்டார். குழந்தை இல்லாத மனிதர் எங்களை எண்ணிக்கொண்டு திரிகிறார் என்று அம்மா சொல்வாள். எண்ணட்டும், அதற்காக எங்கள் உயிரை வாங்க வேண்டுமா?

புறப்படுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவும் பெரியம்மாவும் தாங்களும் கூட வருவதாகச் சொல்லிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பெரியப்பா பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஐந்து தகர வில்லைகள். எண்ணெய் டின்னை வெட்டி, கையைக் கிழிக்காதபடி விளிம்பை மடக்கித் தட்டி, ஆணியால் பொத்துப் பொத்து ஒன்று முதல் ஐந்து வரை நம்பர் போட்டிருந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு ஊக்கு. அப்பா ஒன்று, அம்மா இரண்டு, பெரியம்மா மூன்று, நான் நாலு, தம்பி ஐந்து.

“கீழ போறப்போ பில்லை என் கையில. மேல வந்ததும் உங்க கையில. மறந்துட்டேன், கிறந்துட்டேன்னு யாரும் சொல்லக் கூடாது” என்றார்.

அப்பா சிரித்தார். “இன்னாண்ணா, கடல்ல ஏது கீழயும் மேலயும்?”

“தண்ணியும் குழியும் ஒண்ணுதான்டா. உள்ள போனா வெளிய வரணும்” என்றார் பெரியப்பா. அவர் சிரிக்கவில்லை. தனக்கு என்று ஒரு பில்லை அவர் செய்துகொள்ளவும் இல்லை. கரையில் உட்காருகிறவருக்கு எதற்குப் பில்லை?

கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் காலை வண்டி ஏறினோம். அம்மா தன் பங்குக்கு ஆறு ஸ்வெட்டர்களும் இரண்டு குரங்குக் குல்லாய்களும் எடுத்து வந்திருந்தாள். கடல் காற்று ஈரக் காற்று, நெஞ்சில் சளி கட்டும் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். காட்பாடி தாண்டும்போதே ஜன்னல் கம்பியைத் தொட்டால் சுட்டது. எதிரே உட்கார்ந்திருந்த பாட்டியம்மா எங்கள் மடியில் இருந்த கம்பளியைப் பார்த்துவிட்டு, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று பரிதாபமாகக் கேட்டாள். தம்பிக்கு அவமானமாக இருந்திருக்க வேண்டும், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பெரியப்பா அரக்கோணத்தில் இறங்கி டீ குடித்துவிட்டு ஏறியதும் எங்களை ஒருமுறை எண்ணினார்.

அன்று சாயந்திரம் மெரினா. அம்மாடி, எத்தனை பெரிய தண்ணீர்! செருப்பைக் கழற்றிவிட்டு ஓடப் பார்த்தேன். பாவாடையைப் பிடித்து நிறுத்தினார்கள். முதலில் வரிசை, அப்புறம் அறிவுரை. அலை வந்தால் எப்படி நிற்பது, காலடி மணல் நகர்ந்தால் என்ன செய்வது என்று, தன் வாழ்நாளில் கடலையே பார்த்திராத மனிதர் கால் மணி நேரம் பேசினார். எல்லாம் முடிந்து, “சரி, பில்லையைக் குடுங்க” என்று கை நீட்டியபோது பெரியம்மாவின் மூன்றாம் நம்பரைக் காணவில்லை. ஊக்கு அவிழ்ந்து எங்கேயோ மணலில் விழுந்துவிட்டது.

ஒரு தகரத் துண்டு போனால் போகட்டும் என்று யாருக்காவது தோன்றும் அல்லவா? பெரியப்பாவுக்குத் தோன்றவில்லை. ஆறு பேரும் குனிந்து மெரினாவைச் சல்லடை போட்டோம். சுண்டல் விற்கிறவர் நின்றார், காற்றாடி விற்கிறவர் நின்றார், நான்கைந்து பேர் கூடித் தாங்களும் தேடினார்கள். “எத்தனை பவுன் செயின்மா?” என்று ஒருவர் கேட்டார். “செயின் இல்லீங்க, தகரம்” என்று அம்மா சொன்னதும் அவர் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு, எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார். பில்லை கிடைத்தபோது இருட்டத் தொடங்கிவிட்டது. இருட்டில் யாரும் இறங்கக் கூடாது என்று உத்தரவு. கடலைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்து பஸ் ஸ்டாப்புக்கு வந்தேன்.

மறுநாள் காலை பெசன்ட் நகர். அங்கே குளிப்பது ஆபத்து என்று ஒரு பலகை நட்டிருந்தார்கள். அதைப் பெரியப்பா மூன்று தடவை உரக்கப் படித்தார். கணுக்கால் அளவுதான், அதுவும் ஒரு நேரத்தில் ஒருவர்தான் என்று முடிவானது. தம்பி சின்னவன் என்று முதலில் போனான். ஆடி முடித்து வரப் பத்து நிமிஷம். பிறகு அப்பா. பிறகு பெரியம்மா, கொலுசு நனையுமே என்று யோசித்து யோசித்து ஒரு அலைக்கு ஒரு விரலாக நனைத்தாள். என் முறை வந்தபோது வெயில் மண்டையைப் பிளந்தது. நான் பில்லையைக் கொடுத்து இரண்டு அலை பார்ப்பதற்குள், தலைவலி வரும், போதும் வா என்று அம்மா கூப்பிட்டாள். நான் கத்தினேன். அப்பா என்னைத் தனியாக அழைத்துப்போய், “சும்னிரு, கத்தாத, சாயந்திரம் கோவளம் போறோமில்ல, அங்க முழுகிக்கோ. அண்ணன்கிட்ட நான் சொல்றேன்” என்றார். என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். நம்பினேன்.

கோவளத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றிருக்கும். கூட்டமில்லாத கடற்கரை. மணலில் படகுகளை இழுத்துப் போட்டிருந்தார்கள். மூன்று மீனவர்கள் உட்கார்ந்து வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா நேராக அவர்களிடம் போய், இங்கே ஆழம் எவ்வளவு என்று கேட்டார். அவர்களில் வயதானவர் கடலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “எதுவரைக்கும் போவே நீ?” என்று திருப்பிக் கேட்டார். அவ்வளவுதான், பெரியப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. முழங்கால் அளவு, பெரியம்மா கையைப் பிடித்துக்கொண்டு, பத்தே நிமிஷம் என்று உத்தரவு. அப்பாவைப் பார்த்தேன். சத்தியம் செய்த மனிதர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

நான் அழவில்லை. அழுதிருந்தால் எல்லோருக்கும் நல்லதாக இருந்திருக்கும். எனக்கு உள்ளுக்குள் திகுதிகு என்று எரிந்தது. நாலாம் நம்பரைக் கழற்றிப் பெரியப்பா கையில் வைத்தேன். பெரியம்மாவோடு முழங்கால் வரை நின்றேன். நாளை மறுநாள் ஸ்டெல்லா முன்னால் முழங்காலைக் காட்டிக்கொண்டு நிற்பதை நினைத்துப் பார்த்தேன். அப்போது ஒரு அலை கொஞ்சம் பலமாக வந்து தம்பியை உட்கார வைத்துவிட்டது. எல்லோரும் கூச்சல் போட்டு அவனைத் தூக்க ஓடினார்கள். பெரியம்மாவும் என் கையை விட்டுவிட்டு ஓடினாள். எனக்கு அந்த யோசனை வந்தது அந்த நொடியில்தான். யாரும் பார்க்காமல் கரையேறி, பில்லையைத் திரும்ப வாங்காமல், ஒரு படகுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.

பில்லை பில்லை என்றுதானே உயிரை வாங்கினாய்? வைத்துக்கொள், நீயே வைத்துக்கொண்டு அழு. இதுதான் என் நினைப்பு. பாவாடை இடுப்பில் செருகியிருந்த பொட்டலத்தில் மத்தியானம் வாங்கிய சுண்டல் மிச்சம் இருந்தது. ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டு படகின் ஓரமாக எட்டிப் பார்த்தேன். இருபதடி தூரம்தான், பேசுவதெல்லாம் கேட்டது.

தம்பி பில்லையை வாங்கினான். பெரியம்மா வாங்கினாள். அப்பா, அம்மா வாங்கினார்கள். பெரியப்பா உள்ளங்கையைப் பார்த்தார். அதில் இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது.

“நாலு எங்க?” என்றார்.

பெரியம்மா திரும்பித் தண்ணீரைப் பார்த்தாள். அம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். இன்னும் கொஞ்ச நேரம் போகட்டும். இரண்டாவது தடவை அம்மாவின் குரல் கீச்சிட்டது. அப்போதுதான் அப்பா காலைத் துடைத்தபடி சொன்னார்: “பில்லையை வாங்காம ஓடியிருப்பா. இங்கதான் எங்கயாவது இருப்பா.”

சொன்னவர் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு பெரியப்பாவைப் பார்த்தார். அவர் ஏன் அப்படிப் பார்த்தார் என்று எனக்குப் புரியவில்லை. பெரியப்பா ஷூவும் பேன்ட்டுமாக, அம்மா இடுப்பில் கட்டிவிட்டிருந்த பச்சை ஸ்வெட்டரோடு, நேராகக் கடலுக்குள் நடந்தார். முழங்கால் தாண்டினார். இடுப்பு தாண்டினார். ஒரு கையை மூடி உயர்த்திப் பிடித்தபடி போய்க்கொண்டே இருந்தார். “அண்ணா! நீச்சல் தெரியாதுண்ணா உனக்கு!” என்று அப்பா அலறிக்கொண்டு பின்னால் ஓடினார். அதற்குள் ஒரு அலை வந்து பெரியப்பாவின் தலைக்கு மேல் மடங்கியது. அது போன பிறகு அந்த இடத்தில் யாரும் இல்லை.

சுண்டல் மணலில் கொட்டியதுகூடத் தெரியாமல், “நான் இங்க இருக்கேன்! நான் இங்க இருக்கேன்!” என்று கத்திக்கொண்டு ஓடினேன். அந்த நேரத்தில் என்னை யார் பார்த்தார்கள்? எங்கள் எல்லோருக்கும் கரையில் ஒரு கணக்கு இருந்தது, பெரியப்பாவுக்கு இல்லை. மீனவர்கள் மூன்று பேரும் வலையைக் கீழே போட்டுவிட்டுப் பாய்ந்தார்கள். பச்சை ஸ்வெட்டர்தான் முதலில் தெரிந்ததாம். அதைப் பிடித்தே இழுத்து வந்தார்கள்.

மணலில் கிடத்தியதும் இருமி இருமித் தண்ணீரைக் கக்கினார். பெரியம்மா அவர் நெஞ்சில் விழுந்து அழுதாள். அப்பா என்னைப் பார்த்தார். அப்படியொரு அறை அதற்கு முன்பும் வாங்கியதில்லை, பின்பும் வாங்கியதில்லை. ஸ்டெல்லா சொன்ன அந்தக் கொய்ங் சத்தம் எனக்குக் கேட்டது அப்போதுதான். வயதான மீனவர், “தகரத்தைப் புடிச்சிக்கினு கடல்ல இறங்கறியே, புத்தி இருக்குதா உனக்கு?” என்று பெரியப்பாவைத் திட்டினார். பெரியப்பாவின் வலது கை இன்னும் மூடியே இருந்தது.

அப்பா ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்த்தார், முடியவில்லை. நான் கிட்டே போய் மண்டியிட்டேன். என்னைப் பார்த்ததும் அந்தக் கை தானாகத் திறந்தது. பில்லையின் விளிம்பு பதிந்து உள்ளங்கை வட்டமாகச் சிவந்திருந்தது. அதை எடுத்து என் கையில் வைத்து, என் விரல்களை மடக்கி, தன் கையால் மூடினார். திட்டவில்லை.

“மேல வந்துட்டியா?” என்றார்.

நான் எங்கே கீழே போனேன்? கன்னம் எரிய, மூக்கு ஒழுக, எல்லாம் இந்த மனிதரால் வந்தது என்ற கடுப்போடு, “வந்துட்டேன்” என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

திரும்பி வரும்போது ரயிலில் பெரியப்பா எங்களை எண்ணவே இல்லை. எனக்கோ ஒரே ஒரு விஷயம்தான் ஆறவில்லை. மூன்று கடற்கரைக்குப் போய், எங்களில் முழுகி எழுந்தவர் அவர் ஒருவர்தான். முழுகக் கூடாது, முழுகக் கூடாது என்று தடுத்தவரே ஸ்வெட்டரோடு முழுகிவிட்டார். ஸ்டெல்லாவிடம் நான் புகாராகச் சொன்னதும் அதைத்தான்.

பிறகு கல்லூரியில் கோவாவுக்கு டூர் கூட்டிப் போனார்கள். புறப்படும்போது, பெரியப்பாவிடம் சொல்லிவிட்டுப் போ என்று அம்மா சொன்னாள். அந்த ஆளிடம் சொன்னால் தகரம் வெட்ட உட்கார்ந்துவிடுவார் என்று நான் எரிந்து விழுந்தேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தாமலேதான் சொன்னாள்.

ஒரு நாள் ஷிப்ட் முடிந்து பலகையில் ஒரு பில்லை மிச்சம் இருந்ததாம். யாரோ ஒரு பையன், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாதவன். சம்பள நாள். சம்பள நாளில் பையன்கள் பில்லையை வாங்காமல் ஓடுவது வழக்கம்தான், மறுநாள் வந்து திட்டு வாங்கிக்கொண்டு எடுத்துப்போவார்கள். ஆள் எங்கே என்று கூண்டுக்காரர் கேட்டாராம். “பில்லையை வாங்காம ஓடியிருப்பான், இங்கதான் எங்கயாவது இருப்பான்” என்று சொல்லிவிட்டு, பெரியப்பா ஆபீசைப் பூட்டிக்கொண்டு சைக்கிளில் வீட்டுக்குப் போனார். காலையில் இறங்கிய ஆட்கள்தான் பாறை சரிந்து கால் மாட்டிக் கிடந்தவனைப் பார்த்தார்கள். விடியும்வரை உயிர் இருந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னாராம்.

“உங்கப்பாவுக்கும் தெரியும். அன்னிக்கு வாய் தவறி வந்துட்டுது” என்றாள் அம்மா.

நான் பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். கோவளத்தில் நான் கடுப்போடு சொன்ன அந்த ஒரு வார்த்தை ஞாபகம் வந்தது. மேல வந்துட்டியா என்று அவர் கேட்டார். வந்துட்டேன் என்று சொன்னேன். அந்தப் பதில் யாரிடமிருந்து வரவேண்டியது என்று தெரியாமல் சொன்னேன்.